ஸ்மார்ட் கிளாஸ், டேப்லெட், லேர்னிங் ஆப்... இதெல்லாம் வந்தா பிள்ளைக்குப் படிப்பு வருதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் ஊருக்கு ஊர் பேனர்கள் தொங்கும். 'ஸ்மார்ட் கிளாஸ்', 'ரோபோட்டிக்ஸ் லேப்', 'ஏஐ பயிற்சி' என்று வேன் வசதிக்கும் கராத்தே வகுப்புக்கும் நடுவில் எழுதியிருப்பார்கள். வீட்டிலோ இன்னொரு பக்கம் போன் அடிக்கும். "உங்க பையனுக்கு ஃப்ரீ டெமோ கிளாஸ் புக் பண்ணிடலாமா சார்?"

அரசும் சும்மா இல்லை. தமிழ்நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்கும் திட்டம் வந்தது. பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர்களுக்கு டேப்லெட் என்று அடுத்தடுத்து அறிவிப்புகள்.

இவ்வளவு பணம் போகிறதே, பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கிறார்களா? இது வெறும் கருத்து சொல்லிவிட்டுப் போகிற கேள்வி இல்லை. கடந்த 20 ஆண்டுகளில் இதைப் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளில் முக்கியமான சில நம் நாட்டிலேயே நடந்தவை. ஒன்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்தது.

கம்ப்யூட்டர் கையில் கொடுத்தால் போதுமா?

2005-ல் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்டே ஒரு திட்டத்தை அறிவித்தார். உலகத்தின் ஏழைக் குழந்தைகள் ஒவ்வொருவர் கையிலும் 100 டாலர் லேப்டாப். 'ஒன் லேப்டாப் பெர் சைல்டு' என்பது பெயர். கருவியைக் கொடுத்தால் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்பதுதான் அதன் அடிப்படை நம்பிக்கை. இந்தியா 2006-லேயே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. தென் அமெரிக்க நாடான பெரு பெரிய அளவில் வாங்கியது. விலையும் 100 டாலரில் நிற்கவில்லை, கிட்டத்தட்ட 200 டாலர் ஆனது.

பெருவில் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். லேப்டாப் கிடைத்த பள்ளிகள் ஒரு பக்கம், கிடைக்காத பள்ளிகள் இன்னொரு பக்கம். கிடைத்த பள்ளிகளில் தலைக்கு ஒரு லேப்டாப்புக்கும் மேலேயே இருந்தது. கிடைக்காத பள்ளிகளில் 8 பிள்ளைகளுக்கு ஒன்று என்ற அளவு. 15 மாதம் கழித்துக் கணக்கிலும் மொழியிலும் தேர்வு வைத்துப் பார்த்தால், இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

பிள்ளைகள் லேப்டாப்பைத் தொடாமல் இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. நன்றாகவே பயன்படுத்தினார்கள். பொதுவான யோசிக்கும் திறனில் கொஞ்சம் முன்னேற்றம்கூடத் தெரிந்தது. ஆனால் வாசிப்பும் கணக்கும் நகரவில்லை. ஏன்? ஆசிரியர் பாடம் நடத்தும் விதம் மாறவில்லை. எந்தக் குழந்தைக்கு எது தெரியவில்லை என்று அந்தப் பெட்டிக்கும் தெரியாது. பெரும்பாலான பள்ளிகளில் இன்டர்நெட்டும் கிடையாது.

நாமும் 2011-ல் 'ஆகாஷ்' என்று ஒரு மலிவு டேப்லெட்டைக் கொண்டாடினோம். அது எங்கே போனது என்று இப்போது கேட்டால் பலருக்கு அந்தப் பெயரே ஞாபகம் இருக்காது.

அதே கம்ப்யூட்டர், அதே பாடம்... ரிசல்ட் மட்டும் தலைகீழ்!

குஜராத்தில் 'ஞான் ஷாலா' என்ற தொண்டு நிறுவனம் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் நடத்துகிறது. அங்கே 2, 3-ம் வகுப்புக் கணக்குக்கு ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து, லீ லிண்டன் என்ற பொருளாதார ஆய்வாளர் இரண்டு விதமாகச் சோதித்தார்.

ஒரு முறையில் ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்து அதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். இன்னொரு முறையில் வகுப்பு நேரத்தைத் தொடவே இல்லை. பள்ளி நேரத்துக்கு முன்போ பின்போ கூடுதலாகக் கம்ப்யூட்டர்.

முதல் முறையில் பிள்ளைகளின் கணக்குத் திறன் ஏறாதது மட்டுமில்லை, குறைந்தே போனது. கம்ப்யூட்டர் இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் கூடுதலாகக் கற்றிருப்பார்கள். அதுவும் சின்னச் சரிவு இல்லை. இரண்டாவது முறையில் முன்னேற்றம் வந்தது, குறிப்பாகப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு.

காரணம் எளிது. ஞான் ஷாலா ஆசிரியர்கள் ஏற்கெனவே நன்றாகச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். நன்றாக நடக்கும் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கித் திரைக்குக் கொடுத்தால் நஷ்டம்தான். பள்ளியில் ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், 'அது எந்த நேரத்தில் ஓடுது, அந்த நேரத்தில் முன்பு என்ன நடந்தது?' என்று கேட்பது இதனால்தான் முக்கியம். பள்ளிகள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்காது. கேட்டுப் பாருங்கள்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு அதே குஜராத்தின் வதோதராவில் இன்னொரு சோதனை நடந்தது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அரசு தலா 4 கம்ப்யூட்டர் கொடுத்திருந்தது. பல பள்ளிகளில் அவை தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயன்படாமலே கிடந்தன. 'பிரதம்' தொண்டு நிறுவனம் அவற்றில் கணக்கு விளையாட்டுகளைப் போட்டு, வாரம் 2 மணி நேரம் 4-ம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்தது. கணக்கில் நல்ல முன்னேற்றம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் இந்த ஆய்வில் இருந்தார்கள்.

அதே ஆய்வில் கம்ப்யூட்டரே இல்லாத ஒரு ஏற்பாடும் இருந்தது. பெயர் 'பால்சகி'. அந்தப் பகுதியிலேயே பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண் ஒருவர், வகுப்பில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தனியாக அழைத்துத் தினமும் 2 மணி நேரம் அடிப்படைப் பாடம் சொல்லிக்கொடுப்பார். அதிலும் முன்னேற்றம் வந்தது. செலவு? கம்ப்யூட்டர் முறைக்குப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 15 டாலர், பால்சகிக்கு 2 டாலர் சொச்சம்.

உண்மையான சிக்கல் எங்கே இருக்கு?

'ஏசர்' என்ற பெயரில் கிராமப்புறக் குழந்தைகளின் படிப்பை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஆய்வு 2005 முதல் நடக்கிறது. 2024 அறிக்கையின்படி, நாடு முழுவதும் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் 5-ம் வகுப்புப் பிள்ளைகளில் 44.8 சதவீதம் பேர்தான் 2-ம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள். மீதிப் பேர், அதாவது பாதிக்கும் மேல், 5-ம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆசிரியர் 5-ம் வகுப்புப் பாடத்தை நடத்தியாக வேண்டும். சிலபஸ் முடிக்க வேண்டும். பின்தங்கிய பிள்ளைக்கு அது புரியாது. அடுத்த ஆண்டு 6-ம் வகுப்பு. இடைவெளி இன்னும் கூடும்.

இந்த இடத்தில்தான் டெக்னாலஜி உதவலாம், அல்லது வெறும் அலங்காரமாக நின்றுவிடலாம். 5-ம் வகுப்புப் பாடத்தையே அழகான அனிமேஷனில் போட்டுக் காட்டினால், 2-ம் வகுப்பு நிலையில் இருக்கும் குழந்தைக்கு என்ன மாறும்? முன்பு கரும்பலகையில் புரியாதது இப்போது கலரில் புரியாது. அவ்வளவுதான்.

டெல்லியில் நாலரை மாதத்தில் நடந்தது என்ன?

அகமதாபாத்தைச் சேர்ந்த 'எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ்' என்ற நிறுவனம் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை உருவாக்கியது. முதலில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். 8-ம் வகுப்பு மாணவர் பின்னக் கணக்கில் 4-ம் வகுப்பு நிலையில் இருந்தால், அங்கிருந்தே ஆரம்பிக்கும். இதில் யாருக்கும் வெட்கம் இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு அவர் திரையில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

தப்பு எப்படி வந்தது என்றும் பார்க்கும். உதாரணத்துக்கு, 3.27 பெரியதா 3.3 பெரியதா என்று கேட்டால் சில பிள்ளைகள் 3.27 என்பார்கள். 27 என்பது 3-ஐ விடப் பெரிதுதானே என்று நினைக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு 'தவறான விடை' என்று காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் பயனில்லை. புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இலக்கம் பத்தில் எத்தனை என்பதைக் குறிக்கிறது என்று விளங்க வேண்டும். நல்ல ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தால் இதைத்தான் செய்வார். 45 பேர் உள்ள வகுப்பில் அவரால் எத்தனை பேர் பக்கத்தில் உட்கார முடியும்?

2015-ல் டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாண்ட்ரோ கனிமியன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அரசுப் பள்ளி மாணவர்கள் 619 பேர், பெரும்பாலும் 6 முதல் 9-ம் வகுப்பு. குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு இலவச இடம். பள்ளி முடிந்த நேரத்தில் வாரம் 6 நாள், தினம் 90 நிமிடம். அதில் பாதி நேரம் கம்ப்யூட்டர், மீதி நேரம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநருடன். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட வேண்டாம். ஆள் இல்லாத மையம் இல்லை அது.

ஆரம்பத் தேர்விலேயே ஒரு அதிர்ச்சி. 6-ம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். 9-ம் வகுப்புக்கு வரும்போது அது நாலரை வகுப்பாகியிருந்தது.

நாலரை மாதம் கழித்துக் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் அளவுக்கு முன்னேற்றம். இந்த எண்ணைச் சாதாரணமாகச் சொல்வதென்றால், 100 பேரில் 50-வது இடத்தில் இருந்த மாணவர் கணக்கில் ஏறக்குறைய 36-வது இடத்துக்கு வந்த மாதிரி. சராசரி வருகை 58 சதவீதம்தான் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரிய விஷயம். குலுக்கலில் இடம் கிடைக்காத பிள்ளைகளில் கடைசி நிலையில் இருந்த மூன்றில் ஒரு பங்கினர், அந்த நாலரை மாதம் தினமும் பள்ளிக்கூடம் போயும் முன்னேறவே இல்லை. மையத்துக்கு வந்த அதே நிலைப் பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சமமாக ஏறினார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. பள்ளியில் நடந்த கணக்குப் பரீட்சையில் இவர்களுக்கு மார்க் கூடவில்லை!

ஏன் என்றால், 4-ம் வகுப்பு நிலையிலிருந்து 5-ம் வகுப்பு நிலைக்கு ஏறிய பிள்ளைக்கும் 8-ம் வகுப்பு வினாத்தாள் எட்டாத உயரம்தான். பிள்ளை கற்றது உண்மை. மார்க் ஷீட்டுக்கு அது தெரியாது.

பணம் கட்டுவது யார்?

கல்வித் தொழில்முனைவோர் பற்றிப் பேசும்போது பலர் தவறவிடும் இடம் இது. ஒரு கம்பெனி ஆப் விற்கிறது. படிப்பது பிள்ளை, பணம் கட்டுவது பெற்றோர். பெற்றோர் கையில் இருக்கும் ஒரே அளவுகோல் மார்க் ஷீட். பின்தங்கிய பிள்ளைக்கு உண்மையிலேயே உதவும் ஒன்று மார்க் ஷீட்டில் உடனே தெரியாது என்றால், அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அந்தப் பிள்ளையின் வீட்டில் பெரும்பாலும் காசும் இருக்காது. டெல்லி சோதனையில் பிள்ளை ஒருவருக்கு மாதம் சுமார் 15 டாலர் செலவானது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,000 ரூபாய்.

அதனால் சந்தை எங்கே போனது? ஏற்கெனவே ஓரளவு படிக்கும் பிள்ளைக்கு, சிலபஸ் பாடத்தை வீடியோவாக, போட்டித் தேர்வுப் பயத்தோடு சேர்த்து விற்பதற்குப் போனது.

பைஜூஸ் கதை இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளாவின் கண்ணூர் மாவட்டம் அழீக்கோட்டைச் சேர்ந்த பைஜு ரவீந்திரன், கேட் தேர்வுப் பயிற்சியில் பெயர் வாங்கியவர். 2011-ல் 'திங்க் அண்ட் லேர்ன்' நிறுவனம், 2015-ல் ஆப். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது முதலீடு கொட்டியது. சின்னப் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தரும் ஒயிட்ஹேட் ஜூனியரை 2020-லும், ஆகாஷ் கோச்சிங் நிறுவனத்தை 2021-லும் வாங்கியது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர், 2022 கால்பந்து உலகக் கோப்பைக்கு ஸ்பான்சர், மெஸ்ஸி தூதர். அந்த ஆண்டு அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2021-22 நிதியாண்டில் மட்டும் 8,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். பிள்ளைகளின் போன் எண்களை வாங்கிப் பெற்றோரை நெருக்குவதாக வந்த புகார்களில், தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 டிசம்பரில் விளக்கம் கேட்டு அழைத்தது. நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. 2023 ஜூனில் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் விலகியது. கிரிக்கெட் வாரியத்துக்குத் தரவேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக, 2024 ஜூலையில் பெங்களூரு நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கைக்கு அனுமதி கொடுத்தது.

இதைப் பேராசையின் கதை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சுலபம். பைஜூஸ் வீடியோக்கள் மோசம் என்று யாரும் சொல்லவில்லை, நன்றாகவே எடுத்திருந்தார்கள். ஆனால் அவ்வளவு பணமும் பெரும்பாலும் விளம்பரம், விற்பனை ஆட்கள், கம்பெனி வாங்குவது என்று போனது. இத்தனை கோடிப் பேர் டவுன்லோட் செய்தார்கள் என்று அடிக்கடி கேட்டோம். வதோதராவிலும் டெல்லியிலும் செய்த மாதிரி, பயன்படுத்திய பிள்ளையையும் பயன்படுத்தாத பிள்ளையையும் வைத்து ஒப்பிட்ட கணக்கு விளம்பரத்தில் வரவில்லை. பெற்றோரும் கேட்கவில்லை.

அரசு வாங்கும்போதும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. டெண்டரில் எத்தனை திரை, எத்தனை இன்ச், எத்தனை வருட வாரன்டி என்று எழுதலாம். 'இத்தனை பிள்ளைகள் வாசிக்க வேண்டும்' என்று எழுதுவது கஷ்டம். அதனால் திரை வந்து சேர்ந்த நாளிலேயே திட்டம் வெற்றி பெற்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் இல்லாமலே செய்தார்கள்

நிலைக்கு ஏற்றபடி கற்பிப்பது என்ற யோசனை நமக்குப் புதிதில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஐஏஎஸ் அதிகாரி எம்.பி.விஜயகுமார் முன்னெடுத்த 'செயல்வழிக் கற்றல்' இதுதான். ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியினர் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே மாற்றி அமைத்தார்கள். 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் தொடக்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கரும்பலகை சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில். பெஞ்ச் கிடையாது, பாயில் வட்டமாக உட்காருவார்கள், ஆசிரியரும் கூடவே தரையில். பாடம் முழுக்க அட்டைகள். சுவரில் 'ஏணிப்படி' ஒட்டியிருக்கும். பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தாலும், விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். பாடம் பிள்ளைக்காகக் காத்திருக்கும். இன்று ஆப் கம்பெனிகள் 'பெர்சனலைஸ்டு லேர்னிங்' என்று விற்பதன் காகித வடிவம் என்றே சொல்லலாம்.

குறைகளும் இருந்தன. ஒரே ஆசிரியர் பல வகுப்பையும் பல நிலையையும் சமாளிக்கத் திணறினார்கள். அட்டை கிழிந்தால், தொலைந்தால் மாற்று வர நேரமாகும். புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாததைப் பார்த்து, 'படிப்பே நடக்கல' என்று நினைத்த பெற்றோர் நிறைய. ஆண்டுகள் போகப் போகப் பாடப்புத்தகம் மறுபடி நடுவில் வந்து உட்கார்ந்தது.

அடுத்தது கொரோனா. பள்ளிகள் மூடியிருந்த ஒன்றரை ஆண்டு இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அந்தந்தத் தெருவில் படித்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் 1 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். திட்டம் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் வரை வளர்ந்தது. வதோதராவின் பால்சகியை மாநில அளவுக்குப் பெரிதாக்கியது போல.

இதற்கு ஆய்வும் இருக்கிறது. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2021 டிசம்பரில், 2019-ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிடக் கணக்கில் 0.73, தமிழில் 0.34 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் பின்தங்கியிருந்தார்கள். டெல்லி மையத்தில் கிடைத்த முன்னேற்றத்தைப் போல இரண்டு மடங்கு, ஆனால் கீழ்நோக்கி. 2022 மே மாதத்துக்குள் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பள்ளி திறந்ததுதான் முதல் காரணம். அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் இதில் கூடுதலாகப் பயன்பட்டார்கள்.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 1 முதல் 3-ம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நூல் கொடுத்தார்கள். மறுபடியும் அதே யோசனை. இதில் டெக்னாலஜி ஆசிரியரின் கைபேசியில் இருக்கிறது. பிள்ளைகளின் நிலையை ஆப்பில் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்யும் வேலையே பாடம் நடத்தும் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து புகார் சொல்லி வருவதும் உண்மை. ஞான் ஷாலாவில் பார்த்த அதே கணக்குதான். ஆசிரியரின் நேரத்தை எடுத்து எதற்குக் கொடுக்கிறோம்?

இலவசமாகவும் நிறைய இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். கல்வி டிவி இருக்கிறது. 2023-ல் வந்த 'மணற்கேணி' ஆப்பில் 6 முதல் 12-ம் வகுப்புப் பாடங்கள் தமிழில் இருக்கின்றன. ஒரு பாடம் விட்டுப்போன பிள்ளைக்கு, மறுபடி கேட்க நினைக்கும் பிள்ளைக்கு இவை உதவும். காசு கொடுத்து வீடியோ வாங்கும் முன் இவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆனால் இவையும் அந்தந்த வகுப்புப் பாடம்தான். வாசிக்கவே திணறும் பிள்ளைக்கு வேறு உதவி வேண்டும்.

ஏஐ வந்துட்டா எல்லாம் மாறிடுமா?

துருக்கியில் சுமார் 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொள்வது நல்லது. கணக்குப் பயிற்சிக்குச் சிலருக்குச் சாதாரண சாட்ஜிபிடி மாதிரியான கருவியைக் கொடுத்தார்கள். பயிற்சியில் 48 சதவீதம் கூடுதல் மதிப்பெண். ஆகா என்று நினைக்கும்போதே, கருவியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். ஏஐ-யே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. விடையைக் கேட்டு வாங்கி எழுதியிருக்கிறார்கள், கற்கவில்லை.

இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் உதவியோடு மாற்றிய கருவியைக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பரீட்சையில் அந்தச் சரிவு வரவில்லை. ஆனால் ஏஐ இல்லாதவர்களைவிட மேலேயும் போகவில்லை.

உங்க பிள்ளை எந்த நிலையில் இருக்கு? வீட்டிலேயே பார்க்கலாம்

ஆப்புக்கோ டியூஷனுக்கோ பணம் கட்டும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஏசர் ஆய்வில் பயன்படுத்தும் முறையே போதும். 2-ம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பிள்ளை பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டித் தடுமாறினால் அங்கிருந்து தொடங்க வேண்டும். கணக்கில், கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கழித்தல் ஒன்று, மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால் வகுப்பது ஒன்று. 5-ம் வகுப்போ 8-ம் வகுப்போ, இதில் சிக்கினால் அந்த வகுப்புக்கான வீடியோ சந்தா எடுப்பதில் அர்த்தமில்லை.

டெமோவுக்கு வருபவரிடம், 'முதலில் என் பிள்ளை நிலையைக் கண்டுபிடிக்குமா, கீழ் வகுப்புப் பாடத்துக்கு இறங்குமா?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை நம்ப வேண்டாம், பிள்ளையை அங்கேயே தப்பாக நாலு விடை போட வைத்து, ஆப் என்ன செய்கிறது என்று பாருங்கள். அடுத்த கேள்விக்குத் தாவினால் தெரிந்துவிடும்.

பணம் விஷயத்தில், மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோருக்கு ஒரு அறிவுரை வெளியிட்டது. சந்தாவுக்கு ஆட்டோ டெபிட் கொடுக்காதீர்கள் என்பது அதில் முக்கியமானது. 'ஈஎம்ஐ' என்று சொன்னால், அது தவணையா அல்லது உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடனா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடன் என்றால், பிள்ளை ஆப்பைத் திறக்காவிட்டாலும் தவணை போய்க்கொண்டே இருக்கும். ரீஃபண்ட் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். ரசீது, ஒப்பந்தத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்பனை ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.